பள்ளியில் தடுமாற்றம், பல்கலையில் முதலிடம்: அமெரிக்கக் கல்வியின் இரு முகங்கள்

புது தில்லி: அமெரிக்கக் கல்வி நிலையங்களில் பதிவு பெற்ற இந்திய மாணவர்களின் எண்ணிக்கை 2023-24 கல்வி ஆண்டில் 3 லட்சத்து 31 ஆயிரத்தைத் தாண்டியது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு சீனாவைப் பின்னுக்குத் தள்ளி இந்தியா முதலிடம் பிடித்தது அந்த ஆண்டில்தான். அடுத்த ஆண்டு அந்த எண்ணிக்கை 3 லட்சத்து 63 ஆயிரமாக உயர்ந்தது. தில்லி சாணக்கியபுரியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தின் முன்பும், சென்னை, மும்பை, ஹைதராபாத், கொல்கத்தா துணைத் தூதரகங்களின் முன்பும் கோடை மாதங்களில் கோப்புகளுடன் காத்து நிற்கும் இளைஞர்கள் பலருக்குப் பின்னால், நிலத்தையோ வீட்டையோ ஈடு வைத்துக் கடன் பெற்ற குடும்பம் ஒன்று இருக்கிறது.

இப்படி உலகமே தேடிச் செல்லும் நாட்டின் சொந்தப் பிள்ளைகள் எந்த நிலையில் பள்ளிப் படிப்பை முடிக்கிறார்கள் என்பது இங்கே அதிகம் பேசப்படுவதில்லை. 2024-ஆம் ஆண்டு அங்கு நடத்தப்பட்ட தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 12-ஆம் வகுப்பு மாணவர்களில் 45 சதவீதம் பேர் கணிதத்தில் அடிப்படை நிலையைக்கூட எட்டவில்லை. வாசிப்பில் அப்படிப் பின்தங்கியவர்கள் 32 சதவீதம். வாசிப்பைப் பொருத்தவரை 1992-க்குப் பிறகு இதுவே மிகக் குறைந்த தேர்ச்சி.

பள்ளிகள் இவ்வளவு தடுமாறும் ஒரு நாட்டில் பல்கலைக்கழகங்கள் மட்டும் எப்படி உலகின் முன்வரிசையில் நிற்கின்றன? பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் மட்டுமல்ல, அமெரிக்க முறையை முன்மாதிரியாகக் கொண்டு இந்திய உயர் கல்வியை மாற்றி அமைக்க முனைந்திருக்கும் தில்லி அதிகாரிகளும் எழுப்ப வேண்டிய கேள்வி இது.

பொதுத் தேர்வு இல்லாத பள்ளி

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது 9-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகள். நமது பிளஸ் டூ போன்ற, நாடு முழுவதற்கும் பொதுவான இறுதித் தேர்வு கிடையாது. அறிவியல் பிரிவு, வணிகப் பிரிவு என்ற பாகுபாடும் கிடையாது. ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு ஆகியவற்றில் குறிப்பிட்ட அளவு படித்தாக வேண்டும். மீதியை மாணவரே தெரிவு செய்கிறார். இயற்பியலோடு நாடகமும், வேதியியலோடு மரவேலையும் ஒருவரே படிக்கலாம். ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கால அட்டவணை உண்டு. வகுப்பறையில் மாணவர்கள் அமர்ந்திருக்க ஆசிரியர்கள் வந்து போவது நம் வழக்கம். அங்கு ஆசிரியர் தம் அறையில் இருக்க, மணி அடித்ததும் மாணவர்கள் நடைகூடங்கள் வழியே அடுத்த அறைக்கு விரைகிறார்கள்.

நான்கு ஆண்டுகளிலும் பெற்ற மதிப்பெண்களின் சராசரியே அவர்களின் கல்வி வரலாறாகப் பதிவாகிறது. ஒரே ஒரு மார்ச் மாதத்தில் வாழ்க்கை தீர்மானிக்கப்படுவதில்லை என்பது இதன் பெரிய நன்மை. ஆனால், ஒரு பள்ளியின் 'ஏ' மதிப்பெண்ணும் பக்கத்து மாநிலப் பள்ளியின் 'ஏ' மதிப்பெண்ணும் ஒன்றுதானா என்பதை யாராலும் உறுதியாகக் கூற இயலாது. இந்தக் குறையை ஈடு செய்யவே எஸ்.ஏ.டி. போன்ற நுழைவுத் தேர்வுகளும், பள்ளியிலேயே கல்லூரித் தரப் பாடங்களைப் படிக்க உதவும் 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' பாடங்களும் வளர்ந்தன. வசதியான பள்ளிகளில் இத்தகைய பாடங்கள் ஏராளமாக உள்ளன. சில பள்ளிகளில் கால்குலஸ் பாடமே இல்லை.

எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்று வழிகாட்டப் பள்ளி ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்பது அவர்களின் சங்கம் பரிந்துரைக்கும் அளவு. நாட்டின் சராசரி அதைவிட மோசமாகவே உள்ளது. வழிகாட்ட ஆள் இல்லாத பள்ளியில் தெரிவுச் சுதந்திரம் என்பது, பதினான்கு வயதுப் பிள்ளை எளிதான பாடங்களாகப் பார்த்து எடுத்து, பிற்பாடு விரும்பும் கல்லூரியின் கதவு அடைபட்டிருப்பதைக் காணும் சுதந்திரமாகவும் ஆகிவிடுகிறது.

பள்ளி வாழ்க்கையின் மறுபாதி வகுப்பறைக்கு வெளியே நடக்கிறது. இலையுதிர் காலத்தின் வெள்ளிக்கிழமை இரவுகளில் சிற்றூர்கள் முழுவதும் பள்ளிக் கால்பந்து மைதானத்தில் திரண்டுவிடும். இங்கே கால்பந்து என்பது தோள் கவசமும் தலைக் கவசமும் அணிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து. டெக்சாஸ் மாநிலத்தின் ஆலன் நகரில் ஒரே ஓர் உயர்நிலைப் பள்ளி அணிக்காக 18 ஆயிரம் பேர் அமரக்கூடிய விளையாட்டரங்கம் 6 கோடி டாலர் செலவில் 2012-இல் திறக்கப்பட்டது. கட்டடத்தில் விரிசல் கண்டு 2014-இல் மூடப்பட்டு, பழுது பார்த்து 2015-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இதற்கான கடன் பத்திரங்களுக்கு ஊர் மக்களே வாக்களித்து ஒப்புதல் தந்தனர். கணித ஆசிரியர் நியமனத்துக்காக இத்தனை உற்சாகமாக ஓர் ஊர் திரளுமா என்ற கேள்வி அங்கேயே எழுப்பப்படுகிறது.

எனினும், இதை வெறும் வீண் ஆரவாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. பள்ளி இசைக்குழு, நாடகம், விவாத மன்றம், மாணவர்களே நடத்தும் செய்தித்தாள் ஆகியவை அங்கே பாடத்துக்கு நிகராக மதிக்கப்படுகின்றன. மாணவர் என்பவர் உரிமை உடைய குடிமகன் என்ற எண்ணமும் ஆழமாக வேரூன்றியுள்ளது. வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கருப்புப் பட்டை அணிந்து வந்ததற்காக அயோவா மாநிலத்தின் டெமாயின் நகர மாணவர்கள் சிலர் 1965-இல் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பள்ளி வாசலில் மாணவர் தம் கருத்துரிமையைக் கழற்றி வைத்துவிட்டு நுழைவதில்லை என்ற கருத்துப்பட நீதிமன்றம் 1969-இல் தீர்ப்பளித்தது. கல்லூரி மாணவருக்கே போராட்டத் தடை உறுதிமொழிப் பத்திரம் நீட்டும் நிர்வாகங்கள் உள்ள நாட்டில் இது வியப்பாகத் தோன்றலாம்.

அதே பள்ளிகளில்தான் 1999-இல் கொலம்பைன், 2012-இல் சாண்டி ஹூக், 2018-இல் பார்க்லேண்ட், 2022-இல் யுவால்டி எனத் துப்பாக்கிச் சூடுகளும் நிகழ்ந்தன. தீயணைப்புப் பயிற்சியைப் போலவே, விளக்கை அணைத்து, கதவைத் தாழிட்டு, ஓசையின்றிப் பதுங்கும் பயிற்சியும் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது.

வீட்டு முகவரியே தலைவிதி

அமெரிக்காவில் ஏறத்தாழ 13 ஆயிரம் பள்ளி மாவட்டங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றுக்குத் தனித் தேர்தல், தனி நிர்வாகக் குழு, தனி வரி விதிப்பு அதிகாரம் உண்டு. சுமார் 5 கோடி பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில்தான் பயில்கிறார்கள். இப்பள்ளிகளின் செலவில் மத்திய அரசின் பங்கு பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு அளவே. மீதியை மாநிலமும் உள்ளூரும் ஏற்கின்றன. உள்ளூர்ப் பங்கின் பெரும்பகுதி சொத்து வரி. வீடுகளின் மதிப்பு உயர்ந்த ஊரில் பள்ளிக்கும் பணம் வரும். தாழ்ந்த ஊரில் வராது.

இந்த அநீதியை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட முக்கியமான வழக்கு டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் பிறந்தது. மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் மிகுந்த எட்ஜ்வுட் பகுதிப் பள்ளி மாணவர்கள் 1968-இல் வகுப்புகளைப் புறக்கணித்து வெளியேறினர். அதைத் தொடர்ந்து உலோகத் தகடு வேலை செய்து வந்த டெமெட்ரியோ ரோட்ரிகஸ் உள்ளிட்ட பெற்றோர் நீதிமன்றம் சென்றனர். நூறு டாலர் சொத்து மதிப்புக்கு எட்ஜ்வுட் மக்கள் 1.05 டாலர் வரி செலுத்தினர்; அருகில் இருந்த செல்வந்தர் பகுதியான அலமோ ஹைட்ஸ் செலுத்தியது 85 சென்ட்தான். ஆயினும், மாணவர் ஒருவருக்குச் செலவிட எட்ஜ்வுட்டுக்குக் கிடைத்தது 356 டாலர். அலமோ ஹைட்ஸுக்கோ 594 டாலர். கூடுதல் விகிதத்தில் வரி கட்டியவர்களின் பிள்ளைகளுக்குக் குறைவான பள்ளி!

கீழ் நீதிமன்றத்தில் பெற்றோர் வென்றனர். ஆனால், 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதைத் தள்ளுபடி செய்தது. கல்வி என்பது அமெரிக்க அரசியல் சாசனம் உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அல்ல என்றது அத்தீர்ப்பு. பிரிவினைப் பள்ளிகளை 1954-இல் வழக்கறிஞராக நின்று வீழ்த்திய தர்குட் மார்ஷல், நீதிபதியாக இதில் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் அரசியல் சாசனத் திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. சாசனத்தில் உரிமை இருந்தும் நல்ல பள்ளி இல்லாத நாடு ஒன்று. சாசனத்தில் உரிமை இல்லாமலே சில ஊர்களில் உலகத் தரப் பள்ளி நடத்தும் நாடு மற்றொன்று.

அந்தத் தீர்ப்புக்குப் பின் போராட்டம் மாநில நீதிமன்றங்களுக்கு நகர்ந்தது. 1989-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றமே அம்மாநில நிதி முறையைச் செல்லாது என்றது. பல மாநிலங்கள் ஏழை மாவட்டங்களுக்குக் கூடுதல் நிதி தரத் தொடங்கின. இடைவெளி குறைந்ததே தவிர, மறையவில்லை. அமெரிக்காவில் வீடு விற்பனை விளம்பரங்களில் அறைகளின் எண்ணிக்கைக்கு அடுத்தபடியாகப் பள்ளியின் தர மதிப்பெண் அச்சிடப்படுவது இதனால்தான். கலிபோர்னியாவின் கூபர்டினோ, ஃப்ரீமாண்ட், நியூஜெர்சியின் எடிசன் போன்ற ஊர்களில் இந்தியர்கள் குவிந்ததற்கும் வேலைவாய்ப்போடு பள்ளியும் ஒரு காரணம். அமெரிக்கப் பள்ளிகள் அற்புதம் என்று விடுமுறையில் ஊருக்கு வரும் உறவினர் கூறும்போது, அவர் பெரும்பாலும் வீட்டு விலையின் வழியாகக் கட்டணம் செலுத்தி வாங்கிய பள்ளியைப் பற்றியே பேசுகிறார்.

பள்ளிகளைச் சீர்திருத்தும் முயற்சிக்குக் குறைவில்லை. சோவியத் யூனியன் 1957-இல் ஸ்புட்னிக்கை ஏவியதும் அதிர்ந்த அமெரிக்கா மறு ஆண்டே அறிவியல் கல்விக்கெனச் சட்டம் இயற்றியது. ரீகன் ஆட்சியில் 1983-இல் வெளியான ஆணைய அறிக்கை, நாடே ஆபத்தில் இருப்பதாக எச்சரித்தது. புஷ் 2002-இல் கையெழுத்திட்ட 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' என்ற சட்டம் ஆண்டுதோறும் தேர்வு வைத்துப் பள்ளிகளைத் தண்டித்தது; 2015-இல் அது கைவிடப்பட்டது.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பதினைந்து வயது மாணவர்களுக்கான 'பீசா' சர்வதேசத் தேர்வில் 2022-இல் அமெரிக்கா கணிதத்தில் 465 புள்ளிகளுடன் வளர்ந்த நாடுகளின் சராசரியான 472-க்குக் கீழே இருந்தாலும், வாசிப்பில் 504 புள்ளிகளுடன் சராசரியைவிட வெகுவாக முன்னே நின்றது. இந்தியா இந்தத் தேர்வை ஒரே ஒரு முறை எதிர்கொண்டது. தமிழ்நாடும் ஹிமாசலப் பிரதேசமும் கலந்துகொண்ட அத்தேர்வின் முடிவு 2011 டிசம்பரில் வெளியானபோது இரு மாநிலங்களும் பட்டியலின் அடிவரிசையில் இருந்தன. அதன் பிறகு இந்தியா விலகிக் கொண்டது. அமெரிக்கப் பள்ளிகளின் குறைகள் நமக்குத் தெரிய வருவதற்குக் காரணமே, அவர்கள் அவற்றை அளந்து வெளியிடுகிறார்கள் என்பதுதான்.

கல்லூரி வேறு உலகம்

பல்கலைக்கழகங்களின் கதை முற்றிலும் வேறு. 1636-இல் தோன்றிய ஹார்வர்டு, நெடுங்காலம் மதபோதகர்களையும் கனவான்களையும் உருவாக்கிய சிறு கல்லூரியாகவே இருந்தது. 1869-இல் அதன் தலைவரான சார்லஸ் எலியட், கட்டாயப் பாடத் திட்டத்தை மெல்ல மெல்லக் கலைத்து, மாணவர் விரும்பியதைப் படிக்கும் முறையை நாற்பது ஆண்டுகளில் நிலைநாட்டினார். 1876-இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஜெர்மனியைப் பின்பற்றி ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகத்தின் மையமாக்கியது.

இவற்றைவிடப் பெரிய திருப்பம் 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம். உள்நாட்டுப் போருக்கு நடுவே, ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30 ஆயிரம் ஏக்கர் வீதம் நிலம் அளித்து, அதை விற்ற பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை அமைக்க அச்சட்டம் வழி செய்தது. பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்ட நிலமே அதில் பெரும்பகுதி என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆனால், உழவன் மகனும் கல்லூரிக்குப் போகலாம் என்ற எண்ணம் அதிலிருந்தே பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய வீரர்களுக்கான 1944-ஆம் ஆண்டுச் சட்டம் சுமார் 22 லட்சம் பேரைக் கல்லூரிக்கு அனுப்பியது. கலிபோர்னியாவின் 1960-ஆம் ஆண்டுப் பெருந்திட்டமோ, முன்னிலை மாணவர்களுக்கு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம், அடுத்த நிலையினருக்கு மாநிலப் பல்கலைக்கழகம், விரும்பிய எவருக்கும் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரி என்று மூன்று படிகளை அமைத்தது.

இந்தச் சமுதாயக் கல்லூரிதான் அமெரிக்க முறையின் உண்மையான சாதனை. நுழைவுத் தேர்வு இல்லை, கட்டணம் குறைவு, வயது வரம்பு இல்லை. பகலில் கடையில் வேலை செய்துவிட்டு மாலையில் கணிதம் படிக்கும் முப்பது வயதுத் தாயும், பள்ளியில் கோட்டைவிட்ட பதினெட்டு வயது இளைஞரும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். இரண்டாண்டு நன்றாகப் படித்தால் பெர்க்லி போன்ற பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறலாம். வழியிலேயே நின்றுவிடுவோர் ஏராளம் என்பது மெய்யே. ஆனாலும், பள்ளியின் குறையைப் பின்னாளில் ஈடுகட்ட ஒரு வாசல் திறந்திருக்கிறது. பதினேழு வயதில் பெற்ற மதிப்பெண்ணை ஆயுள் முழுவதும் நெற்றியில் சுமக்கும் நம் பிள்ளைகளுக்கு அத்தகைய வாசல் இல்லை.

முதல் கேள்விக்கான விடையின் மறுபாதி, கல்லூரிகள் உள்ளூர்ப் பள்ளிகளை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பது. சொத்து வரிக்குக் கட்டுப்பட்ட பள்ளி தன் ஊர்ப் பிள்ளைகளையே சேர்க்க முடியும். பல்கலைக்கழகம் உலகம் முழுவதிலிருந்தும் ஆள் எடுக்கலாம். ஹிட்லருக்குத் தப்பிய ஐரோப்பிய அறிஞர்கள் 1930-களில் அங்கு அடைக்கலம் புகுந்தனர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1983-இல் நோபல் பரிசு பெறும் வரையிலும் அதற்குப் பின்னும் அங்கேயே பணியாற்றினார். போருக்குப் பின் மத்திய அரசு ஆராய்ச்சிக்கென நிதியைக் கொட்டியது. இன்று பொறியியலில் வழங்கப்படும் முனைவர் பட்டங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தற்காலிக விசாவில் வந்த வெளிநாட்டவருக்கே செல்கின்றன. அமெரிக்கப் பள்ளி தயார் செய்யத் தவறிய கணித மாணவரின் நாற்காலியில், ஆந்திரத்திலிருந்தோ தமிழகத்திலிருந்தோ ஷாங்காயிலிருந்தோ சென்றவர் அமர்ந்திருக்கிறார்.

வகுப்பறைப் பண்பாடும் நம்மவரைத் திகைக்க வைக்கும். பருவத்தின் முதல் நாளிலேயே பாடத்திட்டம், வாசிக்க வேண்டிய நூல்கள், மதிப்பெண் பங்கீடு யாவும் எழுத்தில் தரப்படும். பேராசிரியர் கூறுவதை மறுத்துப் பேசுவது குற்றமன்று. பேசாமல் இருந்தால்தான் மதிப்பெண் குறையும். வாரத்தில் சில மணி நேரம் பேராசிரியர் தம் அறையில் மாணவருக்காகக் காத்திருப்பார். பருவ முடிவில் ஆசிரியரை மாணவர் மதிப்பிடுவார். மற்றவர் எழுதியதை மேற்கோள் குறியின்றி எடுத்தாண்டால் கல்லூரியை விட்டே வெளியேற நேரிடும். பிறர் வரிகளை மனப்பாடம் செய்து அப்படியே எழுதிப் பாராட்டுப் பெற்றுப் பழகிய மாணவர் பலர் இடறி விழுவது இந்த இடத்தில்தான்.

பளபளப்பின் அடியில்

'ஐவி லீக்' என்றால் எட்டு உன்னதக் கல்வி நிறுவனங்கள் என்றே இங்கு பலர் எண்ணுகின்றனர். 1954-இல் முறைப்படி அமைந்த அது ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பு. அமெரிக்காவில் பட்டம் வழங்கும் நிலையங்கள் ஏறத்தாழ நான்காயிரம். அவற்றில் 5 ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் நிதிக் கையிருப்பு உள்ள ஹார்வர்டும் உண்டு. அடுத்த ஆண்டு மாணவர் சேர்க்கை குறைந்தால் மூடும் நிலையில் உள்ள சிறு கல்லூரிகளும் உண்டு.

பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம், விடுதி, உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80 ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. ஹார்வர்டு, எம்.ஐ.டி. போன்ற மிகச் சில நிறுவனங்கள் வெளிநாட்டவருக்கும் குடும்ப வருமானத்தைப் பார்த்து முழு உதவி அளிக்கின்றன, ஏனையோருக்குக் கடன்தான். அமெரிக்கர்களே 4 கோடிக்கும் மேற்பட்டோர் மத்திய அரசுக்குக் கல்விக் கடன் பாக்கி வைத்துள்ளனர். மொத்தத் தொகை 1.6 லட்சம் கோடி டாலர்.

தகுதி ஒன்றே அளவுகோல் என்பதும் முழு உண்மையல்ல. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குச் சலுகை தரும் வழக்கம் பல பல்கலைக்கழகங்களில் நீடிக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் போன்றவை அண்மை ஆண்டுகளில் அதைக் கைவிட்டன. பணம் கொடுத்து, ஆடாத விளையாட்டில் வீரர் என்று பொய்ச் சான்று காட்டிப் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோரின் மோசடி 2019-இல் அம்பலமானது. ஹாலிவுட் நடிகைகளும் சிறை சென்றனர். இன அடிப்படையிலான சேர்க்கை முன்னுரிமையை 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் தடை செய்தது.

பள்ளியின் சரிவு இப்போது கல்லூரி வாசலையும் எட்டிவிட்டது. எஸ்.ஏ.டி. தேர்வைக் கைவிட்ட கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களில் எட்டில் ஒருவருக்கு உயர்நிலைப் பள்ளி அளவுக் கணிதம்கூட வரவில்லை என்று அதன் பேராசிரியர் குழுவே 2025 நவம்பரில் அறிவித்தது. எம்.ஐ.டி. 2022-லேயே அத்தேர்வை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டது. ஹார்வர்டிலோ, வழங்கப்படும் மதிப்பெண்களில் சுமார் 60 சதவீதம் 'ஏ' என்று அதன் நிர்வாகமே 2025-இல் ஒப்புக்கொண்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் அது 25 சதவீதமாக இருந்தது.

ஏமாறும் இடம்

இந்தியாவிலிருந்து செல்வோரில் பெரும்பாலோர் இளநிலைக்குச் செல்வதில்லை. முதுநிலை படிப்போரும், படிப்பு முடித்துப் பயிற்சிப் பணியில் இருப்போருமே மிகுதி. மேலே கூறிய விருப்பப் பாடங்களும் விவாத வகுப்புகளும் இளநிலையின் சிறப்புகள். முதுநிலை என்பது பல நிலையங்களுக்கு முழுக் கட்டணம் ஈட்டித் தரும் வருவாய் இனம். ஒன்றைப் பார்த்து மயங்கி மற்றொன்றை விலைக்கு வாங்குகிறோம் என்பதைப் பல பெற்றோர் உணர்வதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு போன்ற மத்திய அமைப்பு அங்கு இல்லை. அரசு ஏற்றுக்கொண்ட தனியார் அமைப்புகளே தரச் சான்று அளிக்கின்றன. விசாவுக்கு உரிய படிவத்தை வழங்க ஒரு நிலையத்துக்கு அனுமதி இருப்பது வேறு, தரச் சான்று இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை அறியாததால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், பெரும்பாலும் ஆந்திரத்தினர், கலிபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகத்தில் சிக்கினர். 2011 ஜனவரியில் அது சோதனையிடப்பட்டு மூடப்பட்டதும், மாணவர்கள் சிலரின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. தில்லி கண்டனம் தெரிவித்தது. நிறுவனத் தலைவிக்கு 2014-இல் 16 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. மிச்சிகனில் இருந்த ஃபார்மிங்டன் பல்கலைக்கழகமோ அமெரிக்க உள்துறைப் பாதுகாப்பு அதிகாரிகளே விரித்த வலை. 2019 ஜனவரியில் கைதான 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர். வெளியுறவு அமைச்சகம் தில்லியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்திடம் அதிகாரபூர்வமாக ஆட்சேபம் தெரிவித்தது.

2025-ஆம் ஆண்டு நேர்மையான வழியில் சென்றவர்களுக்கும் சோதனையாக அமைந்தது. மே இறுதியில் மாணவர் விசா நேர்காணல்களுக்குப் புதிதாக நேரம் ஒதுக்குவது மூன்று வாரங்கள் நிறுத்தப்பட்டது. செப்டம்பரில் புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அந்த இலையுதிர் காலத்தில் புதிதாகச் சேர்ந்த வெளிநாட்டு மாணவர்கள் 17 சதவீதம் குறைந்ததாகப் பல்கலைக்கழகங்களிடையே நடத்திய கணக்கெடுப்பு கூறியது. ஹார்வர்டின் 200 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஆராய்ச்சி நிதியை அரசு முடக்க, அது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளிகளின் குறையை இத்தனை காலம் மறைத்து வந்தது திறந்த வாசலும் ஆராய்ச்சி நிதியும்தான். இரண்டிலும் ஒரே ஆண்டில் கை வைக்கப்பட்டது.

தில்லி எதை எடுத்துக்கொண்டது?

அமெரிக்காவிடம் கடன் வாங்குவது தில்லிக்குப் புதிதல்ல. மோரில் சட்டத்தின் கல்லூரிகளை முன்மாதிரியாகக் கொண்டு, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையுடன் 1960-இல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் எழுந்தது. 1962 முதல் பத்தாண்டுகள் ஒன்பது அமெரிக்க நிறுவனங்கள் கான்பூர் ஐ.ஐ.டி.க்குத் தோள் கொடுத்தன. அங்கிருந்து ஆசிரியர்கள் வந்தனர், கருவிகள் வந்தன, கணினி வந்தது. வெறும் அரசாணையாக எதுவும் வரவில்லை.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கொண்டு வந்தவை நான்காண்டு இளநிலைப் பட்டம், மதிப்பு அலகுகளைச் சேமிக்கும் வங்கி, இடையில் விலகவும் மீண்டும் சேரவும் வாய்ப்பு ஆகியவை. தில்லி பல்கலைக்கழகம் 2013-லேயே நான்காண்டு பட்டத்தைத் தொடங்கி, எதிர்ப்புக்குப் பின் 2014 ஜூனில் கைவிட்டது. 2022-இல் மீண்டும் தொடங்கியது. வடிவம் அமெரிக்காவுடையதுதான். ஆனால், அங்கே நான்காண்டில் முதல் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் எதைப் படிப்பது என்று மாணவர் தேடிப் பார்ப்பதற்கானவை. தத்துவம் படிக்க வந்தவர் உயிரியலுக்கு மாறலாம். இங்கே நுழையும் நாளிலேயே, நுழைவுத் தேர்வு மதிப்பெண்படி, பாடம் முடிவாகிவிடுகிறது. கூடுதல் ஓராண்டு ஆராய்ச்சிக்காகக் கடைசியில் ஒட்டப்பட்டுள்ளது. மாணவர் தேடிக் கண்டடைவதற்கான அவகாசம் அதில் இல்லை; வழிகாட்ட ஆலோசகரும் இல்லை. பள்ளியில் தவறியவரைக் கைதூக்கி விடும் சமுதாயக் கல்லூரிக்கு இணையான ஏற்பாடும் இல்லை.

2022-இல் சேர்ந்த முதல் அணியினர் 2025 ஆகஸ்டில் நான்காம் ஆண்டில் நுழைந்தனர். மூன்றாண்டுகளோடு பட்டம் பெற்று விலகவும் அவர்களுக்கு வழி இருந்தது. தொடர்ந்து படிக்க முன்வந்தவர்களுக்கு வகுப்பறைகளும் ஆசிரியர்களும் போதவில்லை என்று ஆசிரியர் அமைப்புகள் அப்போது முறையிட்டன.